விக்டோரியா காலத்து லண்டன்: வீதியும் சந்தையும் வாசஸ்தலமும்

விக்டோரியா மகாராணி பட்டமேறிய 1837-ஆம் வருஷம் தொடங்கி அவர் காலமான 1901 வரையிலான காலத்து லண்டன் வீதிகளைக் குறித்து எழுதப்பட்டவற்றைப் பயிலுகிறவனுக்கு முதலிலேயே ஒரு மயக்கம் உண்டாகிறது. பார்லிமெண்டுக் கமிட்டிகளின் அறிக்கைகளும் இஞ்சினீயர்களின் பதிவேடுகளும், இன்ன வருஷத்தில் இன்ன சேரி இடிக்கப்பட்டு அதன் நடுவே அகன்ற ராஜபாட்டை போடப்பட்டது, இன்ன சந்தை அகற்றப்பட்டு அதனிடத்தில் இரும்பும் கண்ணாடியும் கொண்ட மண்டபம் எழுந்தது என்று ஒரு ஜயஸ்தம்ப சாசனத்தைப் போலப் பேசிக்கொண்டு போகின்றன. அதே தெருக்களில் நடந்து திரிந்த பத்திரிகையாளர்களும் நாவலாசிரியர்களும் பாதிரிமார்களுமோ, அழிந்ததாகச் சொல்லப்பட்ட சேரியை அடுத்த சந்தில் முன்னிலும் நெருக்கமாகக் கண்டதாகவும், அகற்றப்பட்ட வியாபாரம் மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் அமோகமாக நடந்துகொண்டிருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். இரு சாராரும் பொய் சொன்னவர்களல்லர். இரண்டு கூற்றும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக முடிந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. வீதி, சந்தை, வாசஸ்தலம் என்று ஆராய்ச்சியாளர்கள் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவிட்ட மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாலன்றி இதற்கு விடை கிடைக்காது என்பதும், மூன்றனுள் சந்தையே மற்ற இரண்டையும் திறக்கும் சாவி என்பதும் என் கருத்து.

அந்த நகரத்துக்கு எஜமானன் ஒருவன் இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். 1801-இல் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஜனத்தொகை 1851-இல் ஏறத்தாழ 23½ லட்சமாகி, நூற்றாண்டின் முடிவில் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 65 லட்சத்தை எட்டியது. ஆனால் பழைய கோட்டைச் சுவருக்குட்பட்டதும் அதை ஒட்டியதுமான ஒரு சதுர மைலளவான ‘சிட்டி’ மட்டுமே புராதனமான ஒரு கார்ப்பொரேஷனின் ஆட்சியில் இருந்தது. அதற்கு வெளியே பரந்து கிடந்த நகரம் முழுவதும் பாரிஷ் சபைகள், தளவரிசைக் கமிஷன்கள், விளக்குக் கமிஷன்கள், சாக்கடைக் கமிஷன்கள் என்று சுமார் 300 ஸ்தாபனங்களின் கையில் சிதறிக் கிடந்தது. செயின்ட் பாங்க்ரஸ் என்ற ஒரு பாரிஷுக்குள்ளேயே தளவரிசை போடுவதற்கு மட்டும் பதினைந்துக்கு மேற்பட்ட சபைகள் இருந்தன. அன்றியும், நகரத்தின் மேற்குப் பாகத்தில் பெரும் நிலப்பரப்புகள் பிரபுக்களின் குடும்பச் சொத்தாக இருந்தன. புளூம்ஸ்பரியில் பெட்போர்ட் பிரபுவின் எஸ்டேட்டுக்குள் போகும் தெருக்களுக்குக் கதவு போட்டுக் காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். வாடகை வண்டியும் சரக்கு வண்டியும் நுழையக்கூடாது; குடியிருப்பவர்களின் சாரட்டுக்கு மட்டுமே வழி. இத்தகைய கதவுகள் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தாலுமே அகற்றப்பட்டன என்பதை எண்ணும்போது, உலகத்தின் மிகப் பெரிய நகரத்தில் ராஜபாட்டை என்பது எவ்வளவு காலதாமதமாகப் பொதுச் சொத்தாயிற்று என்று வியக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் நெப்போலியனின் அதிகார பலத்தைப் பின்னே வைத்துக்கொண்டு ஹௌஸ்மான் பாரிஸ் நகரத்தை அறுத்துத் தைத்ததைப் போன்ற காரியம் லண்டனில் நடக்க இடமே இருக்கவில்லை.

1855-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட மாநகர வேலைகள் போர்டு இந்தக் குறையை ஓரளவு நீக்கிற்று. 1858-ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்துக்குள்ளேயே புகுந்து அங்கத்தினர்களின் மூக்கைத் துளைத்த பிறகு, அதுகாறும் வராத பணமும் அதிகாரமும் சடுதியில் வந்து சேர்ந்தன. தலைமை இஞ்சினீயரான ஜோசப் பாஸல்ஜெட் பாதாளச் சாக்கடைகளை அமைத்து, ஆற்றோரச் சேற்றின்மீது 1870-இல் விக்டோரியா அணைக்கரைச் சாலையையும் உண்டாக்கினார். அவருடைய சாக்கடைகள் அந்த நூற்றாண்டின் மகத்தான பொதுநலக் காரியம் என்பதில் இரண்டாம் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. 1866-இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது அது பெரிதும் தாக்கியது அவருடைய வேலை இன்னும் முற்றுப்பெறாத கிழக்குப் பகுதியையே. ஆனால் பூமிக்குக் கீழே கிடைத்த வெற்றியைப் பூமிக்கு மேலே போட்ட புதுவீதிகளுக்கும் உரியதாக எழுதிவிடுவது சரித்திர ஆசிரியர்கள் பலரிடம் காணப்படும் தவறு.

புதுவீதிகளின் கதை வேறு. அக்காலத்துத் திட்டக்காரர்கள் வீதி போடுவதில் இரண்டு பலன்களை ஒருங்கே எதிர்பார்த்தார்கள்: வண்டிகளுக்கு வழி பிறக்கும், வழியிலிருக்கும் சேரியும் ஒழியும். ஆகவே எங்கே சேரி மிகுதியோ அங்கேயே கோடு கிழித்தார்கள். சேரி நிலத்துக்கு நஷ்டஈடு குறைவு என்ற மூன்றாவது காரணமும் உண்டு. அறிக்கைகளில் அது அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை. செயின்ட் கைல்ஸ் சேரியை ஊடறுத்து 1847-இல் நியூ ஆக்ஸ்போர்ட் வீதியும், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் நிழலிலேயே கிடந்த மற்றொரு சேரியை ஊடறுத்து 1851-இல் விக்டோரியா வீதியும் திறக்கப்பட்டன. முன்னதன் விளைவை லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தார் உடனே சென்று பார்த்துக் கணக்கெடுத்தார்கள். புதுவீதியின் பக்கத்தில் இடிபடாமல் தப்பிய சர்ச் லேன் என்ற சந்தில், 1841-இல் வீட்டுக்குச் சராசரி சுமார் 24 பேர் இருந்த 27 வீடுகளில், 1847-இல் வீட்டுக்கு 40 பேர் அடைந்து கிடந்தார்கள். வீதி அகன்றது, சந்து நிரம்பியது. இதற்குப் பின் அரை நூற்றாண்டு நடந்த இடிப்புகள் அனைத்திலும் இதே கணக்குத்தான் வெவ்வேறு தொகைகளில் திரும்பத் திரும்ப வந்தது.

ரயில் கம்பெனிகளும் இதே வேலையை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்தன. 1863-இல் பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை ஓடிய முதல் சுரங்க ரயில்பாதையும், செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்காக 1860-களில் அடியோடு அழிக்கப்பட்ட ஏகார் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பும் பிரசித்தம். செயின்ட் பாங்க்ரஸில் இறந்தவர்களுக்கும் இடம் மிஞ்சவில்லை. பழைய தேவாலய மயானத்தின் ஒரு பகுதி ரயில்பாதைக்குள் போயிற்று. எலும்புகளை மரியாதையோடு எடுத்து வேறிடம் மாற்றுவதை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட இளம் கட்டடக் கலைஞர், பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டி. சவங்களுக்கு மேற்பார்வை இருந்தது. உயிரோடு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்பதற்கு நெடுங்காலம் யாரும் நியமிக்கப்படவில்லை.

அவர்கள் எங்கும் போகவில்லை என்பதே உண்மை. ஏன் போகவில்லை? நகரத்துக்கு வெளியே நல்ல காற்றும் மலிவான நிலமும் இருக்கையில், ஒரு அறைக்கு அநியாய வாடகை கொடுத்துக்கொண்டு இருட்டுச் சந்திலேயே ஒண்டிக் கிடப்பானேன் என்று அக்காலத்துச் சீர்திருத்தக்காரர்களே கேட்டார்கள். சிலர் அதை ஏழைகளின் சோம்பலுக்கும் பழக்க தோஷத்துக்கும் சான்றாகக் காட்டினார்கள். இந்தக் கேள்விக்கு விடையைத் தேடித்தான் நாம் சந்தைக்குப் போக வேண்டியிருக்கிறது.

லண்டனின் மொத்த வியாபாரச் சந்தைகள் நகரத்தின் நட்டநடுவில் இருந்தன. பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை லண்டன் பாலத்தை ஒட்டி நதிக்கரையில். கவெண்ட் கார்டன் காய்கனிச் சந்தை நாடக சாலைகளின் மத்தியில், பெட்போர்ட் பிரபுவுக்கே உரிய தனிச் சொத்தாக, 1830-இல் சார்ல்ஸ் பௌலர் கட்டிய மண்டபத்தில். ஸ்மித்பீல்ட் மாட்டுச் சந்தை செயின்ட் பால் தேவாலயத்துக்குக் கூப்பிடு தூரத்தில். இவற்றுள் ஸ்மித்பீல்டின் வரலாறு விஸ்தாரமாகச் சொல்லத் தக்கது. வருஷத்துக்குச் சுமார் இரண்டு லட்சம் மாடுகளும் பதினைந்து லட்சம் ஆடுகளும் உயிரோடு நகரத்தின் குறுகிய தெருக்கள் வழியாக அங்கே ஓட்டிவரப்பட்டன. முக்கியச் சந்தை நாள் திங்கட்கிழமையாதலால், ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புவதற்குள்ளாகவே மந்தைகள் இஸ்லிங்டன் வழியாக இறங்கத் தொடங்கிவிடும். இரவெல்லாம் தீவட்டி வெளிச்சத்தில் தடியடியும் கூக்குரலும். விடிந்தால் தெருவெங்கும் சாணமும் இரத்தமும், மிரண்ட காளை கடைக்குள் புகுந்த செய்தியும். டிக்கன்ஸ் தம்முடைய ஆலிவர் ட்விஸ்ட் நாவலில் இச்சந்தையின் விடியற்காலையை வருணித்திருப்பதைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். இதை அகற்ற வேண்டும் என்ற கிளர்ச்சி பல்லாண்டு நடந்தும், சுங்க வருமானத்தை இழக்க மனமில்லாத சிட்டி கார்ப்பொரேஷன் கடைசிவரை எதிர்த்து நின்றது. முடிவில் சட்டம் பிறந்து, 1855-இல் உயிர்ச் சந்தை வடக்கே இஸ்லிங்டனைச் சார்ந்த கோப்பன்ஹேகன் வெளிக்கு மாற்றப்பட்டது. பழைய இடத்தில் ஹொரேஸ் ஜோன்ஸ் கட்டிய இறைச்சி மண்டபம் 1868-இல் திறக்கப்பட்டது. அதன் அடித்தளத்திலேயே ரயில் வந்து நின்றது. பிற்பாடு, 1882-இல், பனியில் உறைய வைத்த நியூஸிலாந்து ஆட்டிறைச்சி கப்பலில் வந்து அங்கே விலையானபோது, லண்டன் ஏழையின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் பூகோளத்தின் மறுகோடிக்கும் சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது. அபிவிருத்தி என்ற சொல்லுக்குத் தயக்கமின்றி உரிய காரியம் இது. ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: மாடு போயிற்றே தவிர, சந்தை நகர மத்தியை விட்டுப் போகவில்லை.

மொத்தச் சந்தை மத்தியில் இருந்தபடியால் அதை நம்பிப் பிழைத்தவர்களும் மத்தியிலேயே இருந்தாக வேண்டும். ‘காஸ்டர்மாங்கர்’ என்று அழைக்கப்பட்ட தள்ளுவண்டி வியாபாரிகளைப் பற்றி ஹென்றி மேஹியூ 1849 முதல் மார்னிங் க்ரானிக்கிள் பத்திரிகையில் எழுதத் தொடங்கிப் பின்பு பெரு நூலாக விரித்த விசாரணை, இவ்விஷயத்தில் நமக்குள்ள தலையாய சாட்சியம். இவர்களின் தொகை முப்பதாயிரத்துக்கு மேல் என்பது அவருடைய மதிப்பு. புள்ளிக்கணக்கில் மேஹியூவை முற்றிலும் நம்பிவிட முடியாது. கணக்கு ஓரிடத்தில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றுமாக இருப்பதுண்டு. ஆனால் மனிதர்களைப் பேசவைத்துக் கேட்பதில் அவருக்கு நிகராக ஒருவரும் அக்காலத்தில் இல்லை. விடியுமுன் பில்லிங்ஸ்கேட்டிலோ கவெண்ட் கார்டனிலோ நின்று, அன்றைக்கு எது மலிவோ அதைப் பிடித்து, தெருத் தெருவாய்க் கூவி விற்று, மீந்த காசில் மறுநாள் முதலைப் போடும் பிழைப்பு இது. தள்ளுவண்டியே பலருக்கு வாடகை வண்டி. முதலோ கந்துவட்டிக் கடன். இடுப்புயரச் சிறுமி ஒருத்தி இருட்டோடு பாரிங்டன் சந்தைக்குப் போய் நீர்க்கீரை வாங்கி, கட்டுக் கட்டாகப் பிரித்து விற்ற வரலாற்றை மேஹியூ அவள் வாய்மொழியாகவே எழுதியிருக்கிறார். எட்டு வயதுக் குழந்தை அந்நேரத்தில் எத்தனை மைல் நடந்து வர முடியும்? அவள் இருக்கும் வீட்டின் தூரத்தை நிச்சயித்தது சந்தையின் வாசல்.

கப்பல்துறைக் கூலியின் நிலைமையும் இதுவே. காலையில் துறைமுக வாசலில் கூட்டத்தோடு நின்று, மேஸ்திரியின் கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலை, படாவிட்டால் இல்லை. வேலை இல்லாத நாளில் நடந்து போய் வேறு வாசலில் நிற்கத்தக்க தூரத்தில் அவன் குடியிருந்தாக வேண்டும். கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரி, சலவைக்கோ துப்புரவுக்கோ மனைவிக்கு வேலை தரும் வீடுகள், அடகுக்கடை, இவையெல்லாம் அவன் தெருவைச் சுற்றியே இருந்தன. தினக்கூலிக்காரன் வாடகை கொடுத்தது அறைக்கு மட்டுமன்று, அந்த இடத்துக்கு. சீர்திருத்தக்காரர்கள் சோம்பல் என்று கண்டது உண்மையில் மிகக் கறாரான ஒரு கணக்கு.

இதே கணக்குத்தான் தெருச்சந்தையையும் வாழவைத்தது. சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வந்ததும், லாம்பெத்தின் நியூ கட், கிழக்கே வைட்சேப்பல், மத்தியில் லெதர் லேன் போன்ற தெருக்கள் நள்ளிரவு தாண்டியும் விளக்கு மயமாயிருந்தன. காஸ் விளக்கின் வெண்மையும் எண்ணெய் விளக்கின் புகைச்சிவப்பும் கலந்த வெளிச்சத்தில், முட்டைக்கோசும் உப்பிட்ட மீனும் பழைய பூட்ஸும் பீங்கான் தட்டும் ஒருங்கே விலை கூறப்பட்டன. கூலி கிடைக்கப் பின்னிரவானவர்கள் ஞாயிறு காலையில் வாங்கினார்கள். யூத வியாபாரிகள் மிகுந்திருந்த பெட்டிகோட் லேனில் பழைய துணிச் சந்தை ஞாயிற்றுக்கிழமைக்கே உரியது; சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். அந்தத் தெருவுக்கு அதிகாரிகள் 1830-ஐ ஒட்டி மிடில்ஸெக்ஸ் வீதி என்று கௌரவமான பெயர் சூட்டியும், ஜனங்கள் அதைச் செவியில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறு வியாபாரத்தைத் தடுக்கும் மசோதா ஒன்றை ராபர்ட் க்ரோவனர் பிரபு 1855-இல் கொண்டுவந்தபோது, ஹைட் பார்க்கில் பெருங்கூட்டம் கூடி, சாரட்டுகளில் உலாவந்த சீமான்களை நோக்கிக் கூச்சலிட்டுக் கலவரமாகி, மசோதா வாபஸாயிற்று. அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதியவர்களுள் கார்ல் மார்க்ஸும் ஒருவர். மீண்டும் 1867-இல் தெருப் போக்குவரத்துச் சட்டம் ஒன்று, நடைபாதை ஓரத்தில் சரக்கு வைப்பதைத் தடைசெய்து தள்ளுவண்டிக்காரர்களின் வாயில் மண்ணைப் போடப் பார்த்தது. எழுந்த எதிர்ப்பினால் அதே ஆண்டிலேயே திருத்தச் சட்டம் இயற்றி, போலீஸ் விதிகளுக்கு உட்பட்டு அவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. எஜமானன் இல்லாத நகரத்தில் ஏழைக்கும் சிற்சில சமயம் இப்படி வழிபிறந்தது.

சட்டத்தால் ஆகாததைத் தர்மத்தால் சாதிக்கலாம் என்று எண்ணியவர் ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் சீமாட்டி. இங்கிலாந்தின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவரும் உண்மையான கருணையுள்ளவருமான அவர், பெத்னல் க்ரீன் பகுதியில், குப்பை மேடாகக் கிடந்த ஓரிடத்தைச் சுத்தம் செய்து, ஹென்றி டார்பிஷையரைக் கொண்டு ஒரு சந்தை கட்டினார். கொலம்பியா மார்க்கெட் என்ற பெயருடன் 1869-இல் திறக்கப்பட்ட அது, கோதிக் பாணியில் கோபுரமும் கூர்வளைவுகளும் கொண்டு, பார்ப்பதற்கு ஒரு கதீட்ரலைப் போல விளங்கியது. செலவு சுமார் இரண்டு லட்சம் பவுன். மழை படாமல், போலீஸ் தொல்லை இல்லாமல் தெரு வியாபாரிகள் நாணயமாக விற்க வேண்டும் என்பது நோக்கம். கண்டிப்பான விதிகளும், ஒழுக்கத்தைப் போதிக்கும் கல்வெட்டுகளும் உண்டு. வியாபாரிகள் வரவில்லை. வாங்குகிறவன் வேலையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவன் எதிரே நிற்பதுதான் தள்ளுவண்டியின் பலம். மண்டபத்துக்குள் நுழைந்தால் அந்தப் பலம் போய்விடுகிறது. மொத்த மீன் சந்தையாக்கிப் பார்த்தும் பில்லிங்ஸ்கேட் வியாபாரிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சீமாட்டி அதைச் சிட்டி கார்ப்பொரேஷனுக்கு அளித்தார். அவர்களும் சில வருஷம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1886-இல் அது மூடப்பட்டது. விக்டோரியா காலத்து லண்டனைப் பற்றி ஒரே ஒரு கட்டடத்தை வைத்துப் பேசவேண்டுமானால், பெயர்பெற்ற கண்காட்சி மண்டபமான ஸ்படிக மாளிகையைக் காட்டிலும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

ஏழையின் பிழைப்புக் கணக்கைப் பாராமல் கட்டடத்தை எழுப்பும் இதே பிழை வாசஸ்தலங்களிலும் நேர்ந்தது. அமெரிக்க வியாபாரி ஜார்ஜ் பீபாடி 1862-இல் அளித்த ஒன்றரை லட்சம் பவுனைக் கொண்டு தொடங்கிய டிரஸ்டு, 1864-இல் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் முதல் கட்டடத்தை எழுப்பியது. அறைகள் உறுதியானவை, சுத்தமானவை. ஆனால் வாடகை வாரந்தோறும் தவறாமல் கட்ட வேண்டும்; வீட்டிலே தொழில் செய்யக்கூடாது; தள்ளுவண்டிக்கும் கழுதைக்கும் விற்காத சரக்குக்கும் அங்கே இடம் ஏது? 1875-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி சேரிகளை வாங்கி இடித்த நிலத்தில் இத்தகைய கட்டடங்களே எழுந்தன. அவற்றில் குடியேறியவர்கள் நிலையான சம்பளமுள்ள கைத்தொழிலாளர்களும் போலீஸ்காரர்களும். இடிபட்டவர்கள் பக்கத்துச் சந்துக்குப் போனார்கள்.

மேற்குப் பாகத்தின் கடைவீதிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அவற்றைப் புகழ்ந்தவர்கள் ஏராளம். ரீஜெண்ட் வீதியின் அழகிய தூண்வரிசையை 1848-இல் கடைக்காரர்களே கடைக்கு இருட்டடிக்கிறது என்று எடுக்கச் செய்ததும், வெஸ்ட்போர்ன் க்ரோவில் வில்லியம் வைட்லி 1863-இல் தொடங்கிய துணிக்கடை நாளடைவில் சகல சரக்குகளும் விற்கும் மகா அங்காடியாக வளர்ந்ததும் குறிக்கத்தக்கவை. மேற்கை விட்டுச் சிட்டிக்குள் திரும்பினால், லெடன்ஹால் வீதியில் கோழி, இறைச்சிச் சந்தைக்கு அருகே நின்ற கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையையும் நம்மவர் கருதிப் பார்க்கலாம்: சென்னை ராஜதானியின் நிலவரி முதல் நெசவாளர் விவகாரம் வரை அங்கேதான் தாளில் முடிவாயிற்று. கம்பெனியின் ஆட்சி முடிந்தபின் 1860-களின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது; கோழிச் சந்தையோ 1881-இல் புதுமண்டபம் பெற்று நிலைத்தது.

நகரம் முழுவதையும் தெருத்தெருவாக அளந்து பார்த்தவர் சார்ல்ஸ் பூத் என்னும் கப்பல் வியாபாரி. 1886-இல் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் தம் சொந்தச் செலவில் நடத்திய ஆராய்ச்சியில், ஒவ்வொரு தெருவுக்கும் அதன் குடிகளின் நிலைமைக்கேற்ப நிறம் தீட்டினார்: கொடிய வறுமைக்குக் கருப்பு, பிறகு நீலங்கள், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு, செல்வத்துக்கு மஞ்சள். நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் இருந்ததாக அவர் கண்டார். அந்தத் தொகையைவிடப் படமே அதிகம் பேசுகிறது. பொதுவாக நினைப்பதுபோல மேற்கே மஞ்சள், கிழக்கே கருப்பு என்று அது இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. கிழக்கே வைட்சேப்பல் பெருவீதி சிவப்பு. அதன் முதுகில் சந்துகள் கருப்பு. மேற்கே சீமான்களின் சதுக்கங்களுக்குப் பின்புறம் லாயக்காரர்களும் சலவைக்காரிகளும் குடியிருந்த நீலக் கீற்றுகள். வீதி போட்டவர்கள் சேரியை முகப்புக் கட்டடங்களுக்குப் பின்னே தள்ளிய வரலாறு முழுவதும் அந்த நிறங்களில் பதிந்திருக்கிறது.

1889-இல் பதவியேற்ற லண்டன் கவுண்டி கவுன்சில், முதல் தடவையாக, இடிப்பதோடு நில்லாமல் தானே வீடு கட்டவும் முன்வந்தது. ஷோர்டிச்சுக்கு அருகே ஓல்ட் நிக்கல் என்ற சேரி, ஆர்தர் மாரிஸன் 1896-இல் ஒரு நாவலில் வேறு பெயரிட்டு வருணித்த அதே சேரி, இடிக்கப்பட்டு, நடுவே ஒரு வட்டப் பூங்காவும் சுற்றிலும் செங்கல் மாளிகைகளும் தொழிற்கூடங்களுமாக பவுண்டரி எஸ்டேட் 1900-இல் திறக்கப்பட்டது. அதன் கட்டடக் கலை இன்றும் போற்றத் தக்கது. வெளியேற்றப்பட்டவர் 5,719 பேர். அவர்களில் புதுவீடுகளில் குடிபுகுந்தவர் 11 பேர் என்பது கணக்கு. 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் அதிகாலை ரயில்கள் பெருகியபின், வாரச் சம்பளம் உறுதியாயிருந்தவர்கள் வால்தம்ஸ்டோவுக்கும் எட்மண்டனுக்கும் குடிபெயர்ந்து தோட்டம் வைத்த சிறு வீடுகளில் வாழ்ந்தார்கள். கப்பல்துறை வாசலில் காலையில் நிற்க வேண்டியவனுக்கும், இருட்டில் மீன் சந்தைக்கு வண்டி தள்ள வேண்டியவனுக்கும் அந்த டிக்கட் பயன்படவில்லை. ஓல்ட் நிக்கலிலிருந்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுத் தெருக்களிலேயே, முன்னிலும் அதிக வாடகைக்கு, அறை பிடித்தார்கள்.